‘வீட்டுக்குப் போகலாம்’னு சொல்லிட்டாங்களா? கிளம்பும் முன் நர்ஸிடம் இதைக் கேளுங்க!

மதுரை - திருச்சி நான்குவழிச் சாலையோரம் இருக்கிறது மேலூர். அங்கே பைக்கிலிருந்து விழுந்தவருக்குத் தலையில் லேசான அடி என்றால், அவசர சிகிச்சைப் பிரிவில் பரிசோதித்துவிட்டு அன்றே வீட்டுக்கு அனுப்புவதுண்டு. ஆனால், மண்டைக்குள் ரத்தக்கசிவு இருந்தால் அறிகுறிகள் சில மணி நேரம் கழித்தும் தெரியலாம்.

அதனால்தான் கிளம்பும்போது நர்ஸ் சொல்வது முக்கியம். தொடர் வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, பேச்சில் குழப்பம், வலிப்பு, எழுப்பினாலும் எழாத தூக்கம்... ஒன்று வந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். செலவுக்குத் தயங்க வேண்டாம். 2021-ல் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில், விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம்.

கேட்டதை நர்ஸிடமே திருப்பிச் சொல்லிப்பாருங்கள். தவறு இருந்தால் அங்கேயே திருத்திவிடுவார்.

ஆஸ்பத்திரிக்குக் கூட வருவது நண்பன். ராத்திரி பக்கத்தில் இருப்பது அம்மா. நர்ஸ் சொல்வதை அம்மாவும் கேட்கட்டும், போனிலாவது!