வில்லவூட்டுக்கு வந்த கிற்றார்காரன்

2017ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் திகதி ‘ஏசி டிசி’ இசைக்குழுவின் கிற்றார் கலைஞர் மல்கம் யங் தமது 64ஆவது வயதில் காலமானார். எம்மில் பலருக்கு அந்தப் பெயரே புதிது. ஆனால் நாம் வேலை செய்யும் இடங்களில் அது ஒரு செத்தவீடு போலவே இருந்தது. போர்க்லிவ்ற் ஓட்டுபவரும் வெல்டிங் செய்பவரும் அவரது குழுவின் பெயர் பொறித்த கறுப்பு ரீசேட்டுடன் வந்தார்கள். தேநீர் இடைவேளையில் ஒருவரும் பகிடி விடவில்லை. ஒரு பாட்டுக்காரருக்காக இவ்வளவு கவலையா என்று நாம் யோசித்தோம். அவரது கதையை அறிந்த பின்புதான் அந்தக் கவலை விளங்கியது.

மல்கம் 1953இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தவர். 1963இல் அவரது குடும்பம் அவுஸ்திரேலிய அரசின் உதவியோடு சிட்னிக்கு வந்தது. அவர்கள் முதலில் தங்கிய இடம் வில்லவூட் குடிவரவாளர் விடுதி. ஆம், வாசகர்களே, எமக்குத் தெரிந்த அதே வில்லவூட்தான். அங்கே 1976இல் தடுப்பு நிலையம் தொடங்கியது. பின்னாளில் எமது சகோதரர்கள் பலர் அந்த வேலிக்குள் நாட்களை எண்ணிக்கொண்டு இருந்தார்கள். யங் குடும்பத்தை இந்த நாடு கூப்பிட்டு எடுத்தது. எம்மவரை மறித்து வைத்தது. அந்த வித்தியாசத்தை நாம் மறக்கவில்லை. ஆனாலும் ஒரு பெட்டியோடு வந்து, அந்நிய ஊரில் முதல் இரவு படுத்த அனுபவம் அவர்களுக்கும் இருந்தது.

மல்கமின் அண்ணன் ஜோர்ஜ் அந்த விடுதியில்தான் ஒல்லாந்திலிருந்து வந்த ஹரி வண்டாவைச் சந்தித்தார். 1964இல் ‘ஈசிபீற்ஸ்’ என்ற குழு உருவானது. அதன் ஐந்து பேருமே வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்கள். ஜோர்ஜும் ஹரியும் எழுதிய ‘பிரைடே ஒன் மை மைன்ட்’ 1966இல் கடல் கடந்தும் புகழ் பெற்றது. திங்கள் முதல் வெள்ளி வரை நாளை எண்ணும் ஒரு தொழிலாளியின் பாட்டு அது. எமக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை.

மல்கம் பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவர். பெண்களின் உள்ளாடை செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தையல் மெசின் திருத்தும் வேலை பார்த்தார். 1973இல் தம்பி அங்கஸுடன் சேர்ந்து தனது குழுவைத் தொடங்கினார். குழுவின் பெயரும் ஒரு தையல் மெசினிலிருந்து வந்ததுதான் என்று சொல்வார்கள். அதில் எழுதியிருந்த ‘ஏசி டிசி’ என்ற எழுத்துக்களை அக்கா மார்கிரற் எடுத்துக் கொடுத்தாராம். ஆடலோட்டம், நேரோட்டம் என்று நாம் விஞ்ஞானப் பாடத்தில் படித்ததுதான் அது. 1980இல் வந்த அவர்களின் ‘பக் இன் பிளாக்’ இசைத்தட்டு, உலகில் மிக அதிகமாக விற்ற இசைத்தட்டுகளில் ஒன்றாகியது.

மேடையில் பள்ளிச் சீருடையோடு துள்ளி ஓடுபவர் தம்பி அங்கஸ். மல்கம் பின்னுக்கு, ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நிற்பார். அவர் வாசித்தது ‘றிதம்’ கிற்றார். பாட்டின் அடித்தாளத்தை விடாமல் பிடித்து நிற்பது அவர் கைதான். குழுவின் பாட்டுகளில் பெரும்பாலானவற்றை இயற்றியதிலும் அவருக்குப் பங்குண்டு. கோயில் திருவிழாவில் சனம் நாதஸ்வரக்காரரைப் பார்க்கும். தாளம் போடுபவரை யார் பார்க்கிறார்கள்? அவர் பிசகினால்தான் எல்லோருக்கும் தெரியும். தொழிற்சாலையில் பின்னால் நின்று வேலை செய்பவர்கள் மல்கமைத் தங்களில் ஒருவராக நினைத்ததற்குக் காரணம் இதுதான் என்று நாம் நினைக்கிறோம்.

கடைசிக் காலத்தில் அவரை மறதிநோய் பிடித்தது. ஊரில் ‘அறளை பெயர்ந்துவிட்டது’ என்று சொல்வோமே, அந்த வருத்தம். தானே இயற்றிய பாட்டுகளைத் திரும்பப் பழகிவிட்டே மேடை ஏறினார். 2014இல் குழுவை விட்டு விலகினார்.

நவம்பர் 28ஆம் திகதி சிட்னி சென் மேரிஸ் பேராலயத்தில் இறுதிச் சடங்கு நடந்தது. வெளியே ரசிகர்கள் திரண்டு நின்றார்கள். அண்ணனின் கிற்றாரை அங்கஸ் கையில் ஏந்திச் சென்றார். பூக்களுக்குப் பதிலாக சால்வேஷன் ஆமிக்கு நன்கொடை கொடுங்கள் என்று குடும்பத்தார் கேட்டிருந்தார்கள். வந்த புதிதில் போர்வையும் சட்டிபானையும் கதிரையும் அங்கே வாங்கிய எம்மவர் எத்தனை பேர்!

மெல்பேர்ண் நகரின் நடுவே ஒரு சிறு ஒழுங்கைக்கு 2004ஆம் ஆண்டிலிருந்து ‘ஏசி டிசி’ என்றுதான் பெயர். குடியேறி வந்த பிள்ளைகளின் குழுவுக்கு ஒரு நகரம் கொடுத்த மரியாதை அது.

எமது பிள்ளைகள் ரியூசனுக்கும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கும் போகிறார்கள். போகத்தான் வேண்டும். மல்கமைப்போல் படிப்பை இடையில் விடச் சொல்லி நாம் எழுதவில்லை. ஆனால் பள்ளி இசைக்குழுவில் சேர விரும்பிப் பிள்ளை ஒரு படிவத்தோடு வந்தால், “இதெல்லாம் வெள்ளைக்காரரின் வேலை” என்று திருப்பி அனுப்பாதீர்கள். கையெழுத்து வையுங்கள். வேலையிடத்தில் பக்கத்தில் நிற்பவரிடமும் மல்கம் யங்கைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். இதுவரை உங்களோடு பேசாதவரும் பேசத் தொடங்குவார்.