கெர்னலின் மௌனம்

ஆர்ம் செயலி கொண்ட பலகையொன்றில், தாமே தொகுத்த லினக்ஸ் கெர்னலை இயக்க முற்படுவோர் பலர் முதலிற் சந்திப்பது மௌனத்தையே. யூ-பூட் என்னும் தொடக்கநிரல், கெர்னல் தொடங்குவதாக அறிவிக்கும். அதன்பின் சீரியல் இணைப்பில் ஓரெழுத்தும் தோன்றாது. இதனைக் கெர்னலின் செயலிழப்பு எனக் கொள்ளல் அவசர முடிபாகும். அது இயங்கியவாறே பேச வழியற்றும் இருக்கலாம்.

தனியாள் கணினிகள் தம் உறுப்புகளைப் பெரும்பாலும் தாமே அறிவிக்கின்றன. ஆர்ம் பலகைகளிற் பல அவ்வாறு செய்வதில்லை. பலகைதோறும் தனிநிரல் எழுதிக் குவிக்கப்பட்டமையை 2011இல் லினஸ் டோர்வால்ட்ஸ் கடுமையாகக் கண்டித்தார். அதன்பின் அவ்விபரங்கள் ‘டிவைஸ் ட்ரீ’ எனப்படும் சாதன மரக் கோப்புக்கு மாற்றப்படலாயின.

எனவே ஆராயவேண்டியவை மூன்று: சாதன மரம் அப்பலகைக்குரியதா? சீரியல் இயக்கி கெர்னலினுள்ளேயே தொகுக்கப்பட்டதா? தொடக்கக் கட்டளைவரியிற் குறித்த முனையப் பெயர் சரியானதா? ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றிப் பார்த்தல் வேண்டும். அவ்வரியில் ‘ஏர்லிகான்’ என்ற தெரிவைச் சேர்த்தால், வழமையான இயக்கி செயற்படுமுன்னரே செய்திகளைக் காணலாம். ஆயின் சாதன மரமே பிழையெனில், சீரியல் உறுப்பின் முகவரியையும் எண்ணாற் குறிக்கவேண்டும்.

அவ்வெண் சில்லுத் தயாரிப்பாளரின் கைந்நூலில் உள்ளது. கெர்னலைப் பெறுவோருக்கு மூலநிரலையும் வழங்குமாறு ஜி.பி.எல். உரிமம் விதிக்கின்றது, கைந்நூலை வெளியிடுமாறு விதிப்பதில்லை. பல்லாயிரவரின் கூட்டுழைப்பாலான நிரல், தனியுடைமையான அறிவின் வாயிலில் ஊமையாகி நிற்பதுமுண்டு. இம்முரண்பாடு கட்டளைவரியாற் தீர்வதன்று.