என்ஜின் வைத்த கிளைடர்

மர்பி டவுன் மொட்டை மாடிகளில் பட்டம் விட்டு வளர்ந்தவர்களுக்கு விமானச் சத்தம் பழகிப்போன ஒன்று. எச்.ஏ.எல். தொழிற்சாலையும் அதன் ஓடுதளமும் அதிகத் தூரத்தில் இல்லை. 1940 டிசம்பரில் தொடங்கிய அந்தத் தொழிற்சாலை சொந்தமாக வடிவமைத்த முதல் விமானம் எது தெரியுமா? என்ஜினே இல்லாத விமானம்! டாக்டர் வி.எம். காட்கே வடிவமைத்த, 10 பேர் உட்காரும் கிளைடர் அது. ஆண்டு 1941.

கிளைடரில் பறப்பது சுகம். அதை மேலே ஏற்றுவதுதான் பெரும்பாடு. ஒரு கிலோமீட்டர் நீளக் கம்பி வடத்தை 'விஞ்ச்' எந்திரத்தில் சுருட்டி, பட்டம் இழுப்பதுபோல் இழுக்க வேண்டும். ஏறுவது சில நூறு மீட்டர். காற்று கை கொடுக்காவிட்டால் ஐந்தாறு நிமிடத்தில் தரைக்கு வந்துவிடும். பிறகு வடத்தை மறுபடி இழுத்து வந்து, ஆள் சேர்த்து, முறை வரும்வரை மாணவன் வெயிலில் நிற்க வேண்டியதுதான்.

தானே ஏறும்

இதற்கு மாற்றாக வந்தது மோட்டார் கிளைடர். நீண்டு ஒடுங்கிய கிளைடர் இறக்கை, சின்ன என்ஜின், இரண்டு இருக்கை. விஞ்சும் வேண்டாம், வடமும் வேண்டாம். உயரம் வந்ததும் ஆசிரியர் என்ஜினை நிறுத்திவிடுவார். அப்புறம் காற்றின் சீறல் மட்டும்தான். மேற்கு ஜெர்மனியில் ஷைபே கம்பெனியின் 'பால்கே' 1963-லேயே பறந்தது.

சொல்வது சுலபம், செய்வது கடினம். நிறுத்திய என்ஜின் வெறும் சுமை. நின்றுபோன விசிறி காற்றைத் தடுக்கும். என்ஜினைச் சிறிதாக்கினால் இரண்டு பேரைத் தூக்காது. பெரிதாக்கினால் நன்றாக மிதக்காது.

நம் நாட்டில் இதில் இறங்கியது, டில்லி சப்தர்ஜங் விமான நிலையத்தில் இருந்த சிவில் விமானத் துறையின் தொழில்நுட்ப மையம். அந்த மையத்தின் கிளைடர்களுக்குப் பஞ்சாங்க வரிசையில் பெயர்: அசுவினி, பரணி, கார்த்திக், ரோகிணி, மிருகசீர், ஆர்த்ரா. ஆர்த்ரா நம் திருவாதிரை. 1961-ல் பறந்த ரோகிணியில் ஆசிரியரும் மாணவரும் பக்கத்தில் பக்கமாக உட்காரலாம். 1983 மே மாதம் பறந்த மோட்டார் கிளைடருக்கு மட்டும் ஏனோ நட்சத்திரம் கிடைக்கவில்லை. வெறும் 'எம்.ஜி.-1'. அது தொடர் உற்பத்திக்கும் போகவில்லை.

69 உயிர்கள்

இரண்டு மாதம் கழித்து, 1983 ஜூலை 23. கனடாவில் போயிங் 767 ஒன்று 41,000 அடி உயரத்தில் பறக்கும்போது எரிபொருள் தீர்ந்து இரண்டு என்ஜின்களும் அணைந்தன. கேப்டன் ராபர்ட் பியர்சன் கிளைடர் ஓட்டிப் பழகியவர். அவ்வளவு பெரிய விமானத்தைக் கிளைடர்போல் சறுக்கவிட்டு, கிம்லி என்ற ஊரின் பழைய ஓடுதளத்தில் இறக்கினார். உள்ளே இருந்த 69 பேரும் பிழைத்தார்கள். என்ஜின் நிற்கும்போது கை நடுங்காமலிருக்க, அது நின்று பார்த்துப் பழக்கம் வேண்டும் அல்லவா?

இன்று பெங்களூர் என்.ஏ.எல். நிறுவனத்திடம் 'ஹன்சா' இருக்கிறது. இரண்டு இருக்கைப் பயிற்சி விமானம். அதன் புதிய வடிவம் 2021 செப்டம்பரில் இதே எச்.ஏ.எல். ஓடுதளத்திலிருந்து எழும்பியது. நல்ல விமானம்தான். ஆனால் என்ஜினை வேண்டுமென்றே அணைத்துவிட்டு, மேகத்தடியில் பருந்துபோல் வட்டமிடப் பழக்குகிற வண்டி அது அல்ல.