குளிரே இல்லாத தூத்துக்குடியில் கூலன்ட் எதற்கு? போர் தண்ணி ஊற்றி ஓட்டினால் என்ஜின் காலி!

தூத்துக்குடி:

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் போதும். தூத்துக்குடி-நெல்லை நான்குவழிச்சாலையிலும், மதுரை ரோட்டிலும் பானெட்டை தூக்கி வைத்துக்கொண்டு ஓரமாக நிற்கும் கார்களை பார்க்கலாம். முன்பக்கம் ஆவி பறக்கும். டிரைவர் கையில் ஒரு பாட்டில் தண்ணீரோடு நிற்பார். குடும்பம் மர நிழல் தேடி போயிருக்கும்.

‘‘வண்டி சூடாயிட்டு அண்ணாச்சி, கொஞ்சம் தண்ணி ஊத்தினா சரியாயிரும்’’ என்பதுதான் வழக்கமான பேச்சு. ஊற்றியதும் வண்டி ஓடவும் செய்யும். ஆனால் அப்படி ஊற்றி ஊற்றி ஓட்டிய வண்டிகள்தான் பின்னாடி ஒர்க்‌ஷாப்பில் ஹெட்டை கழற்றி வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் நிற்கின்றன. சில நூறு ரூபாய் கூலன்ட்டை மாற்றாமல் விட்டதற்கு, பல ஆயிரம் ரூபாய் செலவு. வாடகை கார் ஓட்டி பிழைப்பவருக்கு வண்டி நிற்கும் நாளெல்லாம் சம்பாத்தியமும் இல்லை. மாத தவணை மட்டும் நிற்காது.

இதில் நம்ம ஊர்க்காரர்கள் கேட்கும் ஒரு கேள்வி உண்டு. ‘‘கூலன்ட் என்பது பனி பெய்கிற ஊருக்கு. இங்கே என்ன பனியா கொட்டுது? அது எதுக்கு நமக்கு?’’ கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது.

பனிக்கு வந்த மருந்துதான்

கூலன்ட்டின் முக்கிய பொருள் எத்திலீன் கிளைகால் என்ற ரசாயனம். அமெரிக்காவில் 1927-ல் பிரஸ்டோன் என்ற பெயரில் கார்களுக்காக விற்பனைக்கு வந்தது. அங்கே குளிர்காலத்தில் ரேடியேட்டர் தண்ணீர் உறைந்து, ஐஸ் கட்டியாகி, என்ஜினையே பிளந்துவிடும். அதை தடுக்கத்தான் இதை கலந்தார்கள். தண்ணீரும் கிளைகாலும் சரிபாதியாக கலந்தால் மைனஸ் 35 டிகிரி குளிரில்கூட உறையாது. நம்ம ஊர் டிரைவர்களுக்கு அந்த குணம் தேவையே இல்லை. ஊட்டிக்கு ஜனவரி மாதம் சவாரி போனால் மட்டும் லேசாக உதவும்.

ஆனால் அதே திரவத்துக்கு இன்னும் 2 வேலை இருக்கிறது. ஒன்று, சீக்கிரம் கொதிக்க விடாமல் பார்ப்பது. இன்னொன்று, என்ஜினுக்குள் துரு பிடிக்காமல் காப்பது. தூத்துக்குடிக்கு இந்த இரண்டும்தான் முக்கியம்.

என்ஜினுக்குள் பெட்ரோலோ, டீசலோ எரியும்போது வாயுவின் வெப்பம் 2 ஆயிரம் டிகிரி வரை போகிறது. எரிபொருளில் கிடைக்கும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தை சுற்றுகிறது. ஒரு பங்கு சைலன்சர் வழியாக போகிறது. இன்னொரு பங்கு வெப்பத்தை கூலன்ட்தான் சுமந்துகொண்டு போய் ரேடியேட்டரில் இறக்கி வைக்கிறது. 90 டிகிரிக்கு மேலே சூடாகி ஓடிக்கொண்டே இருக்கும் அந்த திரவம் எந்த நேரமும் கொதிக்கிற விளிம்பில்தான் இருக்கிறது.

வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி இறுக்கமாக இருந்து, உள்ளே அழுத்தம் ஏறினால் 120 டிகிரி வரை தாங்கும். சரிபாதி கூலன்ட் கலந்திருந்தால் அதே மூடியோடு சுமார் 129 டிகிரி வரை தாங்கும். வித்தியாசம் 9 டிகிரிதானே என்று நினைக்கக்கூடாது. ஏ.சி. ஓட, 5 பேர் உட்கார, கொடைக்கானல் மலை ரோட்டில் இரண்டாவது கியரில் ஏறும்போது அந்த 9 டிகிரிதான் காப்பாற்றும். மூடியின் ரப்பர் வாஷர் நைந்து போயிருந்தால் இந்த கணக்கு எல்லாம் பொய். மூடியையும் பார்க்க வேண்டும்.

அப்படியானால் தண்ணீரே கலக்காமல் முழுக்க கூலன்ட் ஊற்றலாமா? கூடாது. வெப்பத்தை சுமப்பதில் தண்ணீருக்கு நிகர் தண்ணீர்தான். கிளைகால் அதிகமானால் என்ஜின் இன்னும் சூடாகும்.

நம்ம ஊர் தண்ணிதான் வில்லன்

தூத்துக்குடி கடலோரம் முழுக்க நிலத்தடி நீரில் கடல் உப்பு ஏறிக்கிடக்கிறது. முத்தையாபுரம், பழையகாயல், வேப்பலோடை பக்கம் உப்பளத்துக்கு தோதான பூமி. அந்த தண்ணீர் உப்புக்கு நல்லது. ரேடியேட்டருக்கு எமன்.

வீட்டில் போர் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக படியுமே, அதே படிவுதான் என்ஜினுக்குள்ளும் படிகிறது. அது வெப்பத்தை வெளியே விடாத போர்வை மாதிரி. ரேடியேட்டரில் உள்ள குழாய்கள் தீக்குச்சி தடிமனுக்கு இருக்கும். கொஞ்சம் படிந்தாலே அடைத்துக்கொள்ளும். உப்பில் உள்ள குளோரைடு அலுமினியத்தில் ஊசி குத்தியது போல ஓட்டை போடும். அந்தக் காலத்து அம்பாசடர் ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். ஓட்டை விழுந்தால் ஈயம் வைத்து அடைத்து ஓட்டினார்கள். இப்போது வரும் கார்களில் ரேடியேட்டரும் அலுமினியம், என்ஜின் ஹெட்டும் அலுமினியம். ‘‘எங்க அப்பா காலத்துல தண்ணிதான ஊத்தினோம்’’ என்ற பேச்சு இந்த வண்டிகளுக்கு பொருந்தாது.

வல்லநாட்டில் இருந்து வரும் தாமிரபரணி தண்ணீர் ஆகாதா, கேன் தண்ணீர் ஆகாதா என்று கேட்பார்கள். ஆபத்துக்கு பாவமில்லை. நடுவழியில் நிற்கும்போது ஊற்றி வீடு வந்து சேரலாம். அப்புறம் அதை இறக்கிவிட்டு முறையாக நிரப்ப வேண்டும். கலப்பதற்கு உரியது பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர்தான். கலந்தே வரும் ரெடி கூலன்ட் வாங்கினால் அந்த வேலையும் இல்லை.

படகு ஓட்டுகிறவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். ஹீட் எக்ஸ்சேஞ்சர் வைத்த என்ஜினில் கடல் தண்ணீர் தனி குழாயில் வந்து வெப்பத்தை வாங்கிக்கொண்டு வெளியே போய்விடும். என்ஜினுக்குள்ளே ஓடுவது வேறு. கடல் நடுவிலேயே உப்புத் தண்ணீரை என்ஜினுக்குள் விடாதவர்கள் இருக்கும்போது, கரையில் காரில் விடலாமா?

எப்போது மாற்ற வேண்டும்?

கூலன்ட் ஆவியாகி தீர்ந்து போவதில்லை. அளவு குறையாமல் இருந்தாலும் கெட்டுப்போகும். அதில் துரு தடுக்கும் மருந்துகள் கலந்திருக்கின்றன. அவை வேலை செய்து செய்து செலவாகிவிடும். கிளைகாலும் சூட்டில் நாள்பட்டு அமிலமாக மாறும். காப்பாற்ற ஊற்றியதே பிறகு அரிக்க ஆரம்பிக்கும். டப்பாவில் அளவு கோட்டுக்கு மேலே இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

பழைய வகை கூலன்ட்டுகளுக்கு 2 ஆண்டு அல்லது 40 ஆயிரம் கி.மீட்டர், இதில் எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. ‘லாங் லைப்’ என்று வரும் புதிய வகை 5 ஆண்டு வரை தாங்கும். டொயோட்டாவின் பிங்க் நிற கூலன்ட்டுக்கு முதல்முறை 1 லட்சத்து 60 ஆயிரம் கி.மீட்டரும், அதன்பிறகு 80 ஆயிரம் கி.மீட்டருக்கு ஒரு முறையும் என்று கணக்கு இருக்கிறது. வண்டிக்கு வண்டி மாறும் என்பதால் காரோடு கொடுத்த புத்தகத்தை ஒரு தடவை புரட்டிப் பார்ப்பது நல்லது. கோவிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் எடுக்கிற கார் என்றாலும் ஆண்டு கணக்கு ஓடிக்கொண்டேதான் இருக்கும். இடையில் யாராவது போர் தண்ணீர் ஊற்றியிருந்தால் புத்தகத்து கணக்கு எதுவும் செல்லாது. உடனே மாற்ற வேண்டியதுதான்.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்குகிறவர்கள் முதல் வேலையாக இதை பார்க்க வேண்டும். என்ஜின் ஆறி இருக்கும்போது மூடியை திறந்தால் நல்ல கூலன்ட் கலர் கண்ணாடி மாதிரி தெளிவாக தெரியும். செங்கல் தண்ணீர் மாதிரி பழுப்பாக இருந்தால் உள்ளே துரு. மேலே எண்ணெய் மிதந்தாலோ, ஆயில் மூடியின் அடியில் பால் டீ நிறத்தில் பசை ஒட்டியிருந்தாலோ ஆயிலும் தண்ணீரும் கலக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். அது ஹெட் கேஸ்கெட் போனதாக இருக்கலாம். அந்த வண்டிக்கு பேரம் பேசுவதைவிட திரும்பி வருவது லாபம்.

இந்த மாவட்டத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய் மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டி மீட்டர் கொட்டியது. ஏராளமான வண்டிகள் மூழ்கின. கூலன்ட் ஓடும் பாதை மூடியே இருப்பதால் வெள்ளம் லேசில் உள்ளே போகாது. ஆனால் ரேடியேட்டர் இடுக்கில் சேறு அப்பி காய்ந்திருக்கும். மின்விசிறி மோட்டார் துருப்பிடித்திருக்கும். பேன் சுற்றாவிட்டால் எவ்வளவு நல்ல கூலன்ட் ஊற்றினாலும் டிராபிக்கில் வண்டி கொதிக்கும். துறைமுக ரோட்டில் ஓடும் வண்டிகளுக்கு சேறுக்கு பதில் உப்புக்காற்றும் நிலக்கரி தூசியும்.

பச்சை எல்லாம் ஒன்றல்ல

கடையில் பச்சை, சிவப்பு, நீலம், பிங்க் என்று வரிசையாக அடுக்கியிருக்கும். நிறம் வெறும் சாயம்தான். எல்லா கம்பெனிக்கும் பொதுவான நிற விதி கிடையாது. ஒரே பச்சையில் இரண்டு வேறு மருந்து இருக்கலாம். வகை மாற்றி கலந்தால் மருந்துகள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி, சில நேரம் கூழ் போல திரண்டு குழாயை அடைக்கும். வகை தெரியாவிட்டால் முழுக்க இறக்கிவிட்டு புதிதாக நிரப்புவதே பாதுகாப்பு. லேபிள் இல்லாத கேனில் மலிவாக வருவது கலர் தண்ணீராகவும் இருக்கலாம். ஐ.எஸ். 5759 அல்லது ஜப்பானின் ஜே.ஐ.எஸ். கே 2234 என்ற தர எண் கேனில் இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம்.

கன்டெய்னர் லாரிக்காரர்களுக்கு ஆபத்து வேறு மாதிரி. பெரிய டீசல் என்ஜின்களில் லைனரை சுற்றி நேரடியாக கூலன்ட் நிற்கும். பிஸ்டன் அடிக்கிற அதிர்வில் லைனர் சுவரில் குமிழிகள் உருவாகி உடையும். கண்ணுக்கு தெரியாத அந்த குமிழிகள் இரும்பையே குடைந்து ஓட்டை போட்டுவிடும். இதை தடுக்கும் மருந்து டீசல் லாரிக்கான கூலன்ட்டில்தான் இருக்கும். காருக்கு வாங்கியதை லாரியில் ஊற்றுவது சிக்கனம் அல்ல. ‘குட்டியானை’ வைத்து மீன், உப்பு ஏற்றுகிறவர்களும் வண்டிக்கு சொன்ன வகையைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

தெர்மோஸ்டாட் என்ற வால்வை கழற்றி எறிந்துவிடும் பழக்கமும் நம்ம பக்கம் உண்டு. ‘வெயில் ஊருக்கு அது எதுக்கு’ என்பார்கள். அது இல்லாவிட்டால் என்ஜின் உரிய சூட்டுக்கு வரவே நேரமாகும். டீசல் கூடுதலாக குடிக்கும். தேய்மானமும் அதிகம்.

மூடியை திறக்காதீங்க!

முள் சிவப்புக்கு ஏறினால் முதலில் ஏ.சி.யை நிறுத்த வேண்டும். ஹீட்டர் இருந்தால் முழுசாக திறந்துவிடலாம். உள்ளே இருப்பவர்களுக்கு வேர்த்துக் கொட்டும், ஆனால் என்ஜின் சூடு கொஞ்சம் இறங்கும். ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைத்துவிட்டு குறைந்தது முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். சூடாக இருக்கும்போது மூடியை திருகினால் 100 டிகிரிக்கு மேல் சூடான திரவம் பீய்ச்சி அடித்து முகம், கை வெந்துவிடும். கொதிக்கும் என்ஜின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடலாம்.

மாற்றும் வேலையும் ஆறிய என்ஜினில்தான். பழையதை கீழே இறக்கி, டிஸ்டில்டு வாட்டர் விட்டு ஓட்டி, தெளிவாக வரும்வரை அலசி, புதியதை மெதுவாக நிரப்புவார்கள். சின்ன காருக்கு 4, 5 லிட்டர் பிடிக்கும். உள்ளே காற்று சிக்கினால் புது கூலன்ட்டோடும் வண்டி சூடாகும். மறுநாள் காலையில் அளவை பார்த்து, குறைந்திருந்தால் கோடு வரை ஊற்ற வேண்டும். அதற்கு மேலும் குறைந்துகொண்டே போனால் எங்கேயோ ஒழுகுகிறது என்று அர்த்தம்.

இறக்கிய பழைய கூலன்ட் விஷம். இனிப்பாக இருக்கும் என்பதால் நாய், பூனை நக்கும். குழந்தைகளும் ஜூஸ் என்று குடித்துவிடலாம். முதலில் போதை ஏறியது போல தள்ளாட்டம், வாந்தி வரும். பிறகு சிறுநீரகம் செயல் இழக்கும். 2025-ல் மத்திய பிரதேசம் சிந்த்வாராவில் குழந்தைகளை பலி வாங்கிய இருமல் மருந்தில் இருந்த டை எத்திலீன் கிளைகால் இதன் பங்காளிதான். யாராவது கொஞ்சம் குடித்துவிட்டாலும் அறிகுறி வரும்வரை காத்திருக்காமல் கேனையும் எடுத்துக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். குளிர்பான பாட்டிலில் கூலன்ட் பிடித்து வைப்பதை அடியோடு விட வேண்டும். தெருவில் கொட்டினால் மண்ணிலும், சாக்கடையில் கொட்டினால் பக்கிள் ஓடை வழியாக கடலிலும் போய் சேரும். மூடிய கேனில் பிடித்து, வாங்கிக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பில் கொடுப்பதுதான் முறை.

மின்சார கார் வாங்கினால் இந்த தொல்லை இல்லை என்று நினைப்பவர்களும் உண்டு. 2025 ஆகஸ்ட் 4-ந்தேதி தூத்துக்குடி சிப்காட்டில் வின்பாஸ்ட் மின்சார கார் ஆலை திறக்கப்பட்டதில் இருந்து இந்த பேச்சு கூடியிருக்கிறது. என்ஜின் இல்லையே தவிர, பல மின்சார கார்களில் பேட்டரியை குளிர வைக்க கூலன்ட் ஓடுகிறது. சில மாடல்களுக்கு மின்சாரம் எளிதில் பாயாத தனி வகை கூலன்ட். அதில் குழாய் தண்ணீரை ஊற்றவே கூடாது.