சுகர் இருக்கா? கிட்னி பாதிப்பை முன்கூட்டியே சொல்லும் சிறுநீர் டெஸ்ட் - டென்மார்க் மருத்துவரின் ஆய்வு சொல்வது என்ன?

சர்க்கரை நோய் உள்ளவர்களில் பலர் ரத்த டெஸ்ட்டை தவறவிட மாட்டார்கள். சாப்பிடும் முன் ஒன்று, சாப்பிட்ட பின் ஒன்று, முடிந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹெச்பிஏ1சி. கிட்னியைப் பற்றிக் கேட்டால், "உப்பு டெஸ்ட் எடுத்தாச்சு, நார்மல்தான்" என்று சொல்வார்கள்.

இந்த 'உப்பு' என்பது ரத்தத்தில் உள்ள கிரியாட்டினின். அது நார்மலாக இருக்கும்போதே சிறுநீரகங்கள் பல ஆண்டுகளாகப் பாதிக்கப்பட்டு வந்திருக்கலாம். பலருக்கு இந்த அளவு ஏறத் தொடங்கும்போது, சிறுநீரகத்தின் வேலைத்திறனில் பாதி வரை போயிருக்கும். வலியோ வேறு அறிகுறியோ எதுவும் தெரியாது.

அப்படியென்றால் முன்கூட்டியே கண்டுபிடிக்க வழியே இல்லையா? இருக்கிறது. சிறுநீரில் கசியும் ஒரு புரதத்தைப் பார்த்தால் போதும். இதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகர மருத்துவர் கார்ல் எரிக் மோகென்சென்.

சர்க்கரை சிறுநீரகத்தை எப்படிப் பாதிக்கிறது?

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. ரத்தம் இவற்றின் வழியே போகும்போது கழிவும் கூடுதல் நீரும் வெளியேறும். உடலுக்குத் தேவையான அல்புமின் என்ற புரதம் ரத்தத்திலேயே தங்கிவிடும். டீ வடிகட்டியில் டீ இறங்கி, தூள் மேலே நிற்பது மாதிரி.

ரத்தத்தில் சர்க்கரை அதிகமாகவே இருந்தால், தொடக்கத்தில் இந்த வடிகட்டிகள் வழக்கத்தைவிட அதிக அழுத்தத்தில், அதிக வேகத்தில் வேலை செய்கின்றன. சிறுநீரகமே சற்றுப் பெரிதாகிறது. மோகென்சென் தன் ஆரம்பகால ஆய்வுகளில் கவனித்தது இதைத்தான். இந்தக் கட்டத்தில் கிரியாட்டினின் எடுத்துப் பார்த்தால் ரிசல்ட் நன்றாகத்தான் இருக்கும். ஆனால், வருடக்கணக்கில் நீடிக்கும் இந்த ஓவர்டைம் வடிகட்டியின் சுவரைச் சேதப்படுத்துகிறது. முதலில் துளித்துளியாக அல்புமின் கசியும். பிறகு கசிவு கூடும், வடிகட்டிகள் தழும்பாகி மூடிக்கொள்ளும். கடைசியில் டயாலிசிஸ் அல்லது மாற்று சிறுநீரகம்தான் வழி.

1983-ஆம் ஆண்டு மோகென்சென் குழு இந்தப் பயணத்தை ஐந்து நிலைகளாகப் பிரித்துக் காட்டியது. மருத்துவ மாணவர்கள் இன்றும் இதைப் படிக்கிறார்கள்.

அந்த 1984 ஆய்வில் என்ன இருந்தது?

சிறுநீரில் மிகக் குறைந்த அளவு அல்புமினையும் அளக்கும் முறையை லண்டனில் ஹாரி கீனும் அவரது சகாவும் 1963-லேயே உருவாக்கிவிட்டார்கள். ஆனால், அந்தச் சிறிய கசிவுக்கு என்ன அர்த்தம் என்பது அப்போது தெரியவில்லை.

நடுத்தர வயதுக்குப் பிறகு சர்க்கரை நோய் வந்தவர்களின் காலைச் சிறுநீரை மோகென்சென் சோதித்தார். பிறகு 9 ஆண்டுகள் காத்திருந்து, அவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்த்தார். சிறிய அளவில் அல்புமின் கசிந்தவர்களுக்கு, கசிவு இல்லாதவர்களைவிட பிற்காலத்தில் சிறுநீரகப் பாதிப்பு அதிகமாக வந்திருந்தது. அவர்களில் இறப்பும் அதிகம். சிறுநீரகக் கசிவு இதயத்துக்கும் ஆபத்தைச் சொல்லும் சிக்னல் என்பது பின்னாளில் உறுதியானது.

டைப் 1 சர்க்கரை நோயில் இதே போன்ற முடிவை லண்டனின் ஜியான்கார்லோ விபெர்ட்டி குழு 1982-லேயே வெளியிட்டிருந்தது. இந்த நிலைக்கு 'மைக்ரோ அல்புமினூரியா' என்று பெயர். 'மைக்ரோ' என்பது கசியும் அளவு குறைவு என்பதை மட்டுமே குறிக்கிறது. ஆபத்து குறைவு என்று அர்த்தமில்லை.

கண்டுபிடித்தால் தடுக்க முடியுமா?

முன்பு இந்த நோய் தொடங்கிவிட்டால் எதுவும் செய்ய முடியாது என்றே பலர் நினைத்தார்கள். மோகென்சென், பாதிப்பு வந்துவிட்ட நோயாளிகளின் ரத்த அழுத்தத்தை மருந்து மூலம் குறைத்துப் பார்த்தார். 1982-ல் வெளியான அந்த ஆய்வில் இருந்தவர்கள் ஆறு பேர்தான். ஆனால், அவர்களின் சிறுநீரகம் செயலிழக்கும் வேகம் பாதிக்கும் கீழே குறைந்திருந்தது.

1993-ல் கேப்டோபிரில் என்ற பிபி மருந்தும், 2001-ல் லோசார்டன், இர்பெசார்டன் மருந்துகளும் பெரிய ஆய்வுகளில் சிறுநீரகத்தைக் காப்பதாக நிரூபிக்கப்பட்டன. சிறுநீரில் அல்புமின் கசியும் சர்க்கரை நோயாளிக்கு டாக்டர் பிபி மாத்திரையில் இந்த வகையைத் தேர்ந்தெடுப்பது இதனால்தான்.

அடுத்த பெரிய மாற்றம் வர கிட்டத்தட்ட 20 ஆண்டுகள் ஆயின. சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் 'எஸ்ஜிஎல்டி2' வகை மருந்துகளில் ஒன்றான கேனாகிளிஃப்ளோசினை 4,401 பேரிடம் சோதித்த ஆய்வு 2019-ல் வெளியானது. சிறுநீரகச் செயலிழப்பு உள்ளிட்ட மோசமான விளைவுகளின் ஆபத்து 30% குறைந்தது. இந்த மருந்துகள் வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தத்தையும் குறைக்கின்றன. மோகென்சென் ஆரம்பத்தில் பார்த்த அந்த 'ஓவர்டைம்' வேலைக்கே பிரேக் போடுகின்றன என்று சொல்லலாம். 2024-ல் செமாகுளுடைட் ஊசியும் இதுபோன்ற ஆபத்தை 24% குறைப்பதாகத் தெரியவந்தது.

இந்தியாவுக்கு இது ஏன் முக்கியம்?

2023-ல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வின்படி, இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய் இருக்கிறது. சென்னையில் நடத்தப்பட்டு 2007-ல் வெளியான ஓர் ஆய்வில், சர்க்கரை நோயாளிகளில் 2.2% பேருக்கு முற்றிய சிறுநீரகப் பாதிப்பு இருந்தது. மைக்ரோ அல்புமினூரியா இருந்தவர்கள் 26.9%. அதாவது நான்கில் ஒருவருக்கு மேல், இன்னும் தடுக்க வாய்ப்புள்ள கட்டத்தில் இருந்தார்கள்.

டயாலிசிஸ் என்றால் பொதுவாக வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை மருத்துவமனை. 2016-ல் தொடங்கிய பிரதமர் தேசிய டயாலிசிஸ் திட்டத்தில் ஏழைகளுக்குச் சிகிச்சை இலவசம் என்றாலும், போக்குவரத்துச் செலவும் வேலை இழப்பும் குடும்பத்தின் தலையில்தான் விழும்.

இன்னொரு பக்கம், மருந்து விலை இறங்கியிருக்கிறது. எஸ்ஜிஎல்டி2 வகையைச் சேர்ந்த எம்பாகிளிஃப்ளோசினின் இந்தியக் காப்புரிமை 2025 மார்ச்சில் முடிந்தது. அதுவரை ஒரு மாத்திரை 60 ரூபாய் அளவில் விற்றது. அதன் பிறகு 10 ரூபாய்க்கும் குறைவான விலையில் ஜெனரிக் மாத்திரைகள் வந்துவிட்டன.

'சுகர் மாத்திரை சாப்பிட்டுத்தான் கிட்னி போச்சு' - உண்மையா?

பலரும் நம்பும் விஷயம் இது. இதை நம்பி மாத்திரையை நிறுத்துபவர்களும் உண்டு. சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுப்படாத சர்க்கரையும் பிபியும்தான். மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைச் சேதப்படுத்துவதில்லை. சிறுநீரகத்தின் திறன் ஏற்கெனவே குறைந்துவிட்டால் மட்டும் அதன் அளவைக் குறைப்பார்கள், சில நேரம் நிறுத்துவார்கள். டாக்டரைக் கேட்காமல் அடிக்கடி போடும் வலி மாத்திரைகளால்தான் கிட்னிக்கு உண்மையான ஆபத்து.

எந்த டெஸ்ட்? எப்போது?

லேபில் 'யூரின் ஏசிஆர்' என்று கேட்க வேண்டும். சிறுநீரில் அல்புமினுக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதம் அது. ஒரே ஒரு முறை கொடுக்கும் சிறுநீர் போதும். வழக்கமான 'யூரின் ரொட்டீன்' ரிப்போர்ட்டில் 'அல்புமின்: நில்' என்று வந்தாலும் நிம்மதி அடைய முடியாது. சிறிய கசிவு அதில் சிக்காமல் போகலாம்.

ஏசிஆர் 30-க்குக் கீழே இருந்தால் நார்மல். 30 முதல் 300 வரை ஆரம்பக் கசிவு. 300-க்கு மேல் அதிகக் கசிவு. டைப் 2 உள்ளவர்கள் நோய் தெரிந்த உடனேயும், டைப் 1 உள்ளவர்கள் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் தொடங்கி, வருடத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். கூடவே கிரியாட்டினினிலிருந்து கணக்கிடும் 'இஜிஎஃப்ஆர்' அளவையும் பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் முழு விவரம் கிடைக்கும்.

ஒருமுறை அதிகமாக வந்துவிட்டால் பயப்பட வேண்டாம். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய், முந்தைய நாள் செய்த கடும் உடற்பயிற்சி ஆகியவற்றாலும் அளவு கூடும். அடுத்த சில மாதங்களில் மீண்டும் எடுத்து, மூன்றில் இரண்டு முறை அதிகமாக வந்தால்தான் உறுதி செய்வார்கள்.

எஸ்ஜிஎல்டி2 மாத்திரை விலை குறைந்துவிட்டது என்று கடையில் நீங்களே வாங்கிப் போடக் கூடாது. பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம். அரிதாக, ரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்தான நிலையும் ஏற்படும். விரதம், வாந்தி, ஆபரேஷன் சமயங்களில் நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும். இதையெல்லாம் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

அடுத்த முறை சுகர் செக்கப்புக்குப் போகும்போது, "டாக்டர், எனக்கு யூரின் ஏசிஆர் கடைசியா எப்போ எடுத்தோம்?" என்று கேளுங்கள். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது அல்லது எடுத்ததே இல்லை என்றால், அன்றே அதற்கும் சீட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.