சும்மா நிக்கிற பேருக்குச் சம்பளம்!

அவசரத்தில் ஏதோ ஒரு இணையதள முகவரியைத் தப்பா டைப் பண்ணியிருப்பீங்க. என்டர் தட்டினா, வெறும் பக்கத்தில் நாலைஞ்சு நீல வரிகள். 'பர்சனல் லோன்', 'ஹோட்டல் புக்கிங்', 'ஆன்லைன் டிகிரி'... அவ்வளவுதான். கட்டுரை இல்லை, போட்டோ இல்லை, ஒரு 'வணக்கம்' கூட இல்லை. 'என்னடா மொக்கை சைட்!'னு மூடிட்டுப் போயிருப்பீங்க. போறதுக்கு முன்னாடி அதில் ஒரு வரியை கிளிக் பண்ணியிருந்தா, உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் தூங்கிக்கிட்டு இருந்த ஒருத்தர் கணக்கில் கொஞ்சம் சில்லறை விழுந்திருக்கும்.

இதுக்குப் பேர் டொமைன் பார்க்கிங். நம்ம ஊர்ல மனை வாங்கிப் போட்டுட்டு, வீடு கட்டாம, காம்பவுண்ட் சுவரில் மட்டும் சிமென்ட் விளம்பரம் எழுத விட்டு வாடகை வாங்குவாங்க இல்லையா? அதே கதைதான். மனைக்குப் பதில் ஒரு டாட் காம் பெயர்.

உங்க காலேஜ்லயும் ஒருத்தர் கட்டாயம் இருப்பார். "மச்சி, நூறு டொமைன் வாங்கிப் போடு, மாசா மாசம் டாலர் கொட்டும்"னு கேன்டீன்ல உட்கார்ந்து வகுப்பெடுப்பார். அவர் சொல்றதில் பாதி உண்மை. அந்தப் பாதி எதுன்னு தெரியாம பாக்கெட் மணியை எடுத்து நீட்டிடாதீங்க.

காசு எங்கிருந்து வருது? 1998-ல் பில் கிராஸ் என்ற அமெரிக்கர் 'கோடு டாட் காம்' என்ற தேடுதளத்தில் ஒரு புது ஏலத்தை ஆரம்பிச்சார். ஒவ்வொரு தேடல் சொல்லுக்கும் விளம்பரதாரர்கள் விலை சொல்லணும். யாராவது கிளிக் பண்ணினா மட்டும் பணம் கொடுக்கணும். அதுதான் ஓவர்ச்சர்னு பேர் மாறி, 2003-ல் யாஹூ கைக்குப் போச்சு. அதே வருஷம் கூகுள், அப்ளைடு செமான்டிக்ஸ் என்ற கம்பெனியை வாங்கியது. அவங்க கையில் ஏற்கெனவே, சும்மா கிடக்கும் டொமைன்களில் விளம்பரம் போடும் சர்வீஸ் இருந்தது. விளம்பரதாரர் தரும் காசில் முதல் பங்கு விளம்பர நெட்வொர்க்குக்கு, அடுத்தது பார்க்கிங் கம்பெனிக்கு, மிச்சம் பெயரின் சொந்தக்காரருக்கு.

அந்தக் காலத்தில் நிறையப் பேர் தேடுதளத்துக்கே போகாம, வேண்டிய பொருளின் பெயரோட 'டாட் காம்' சேர்த்து நேரா டைப் பண்ணுவாங்க. அப்படி வர்றவர் வேடிக்கை பார்க்க வர்றவர் இல்லை, வாங்க வர்றவர். அதனால அந்த கிளிக்குக்கு மதிப்பு.

இதில் ராஜாவா இருந்தவர் கனடாவின் வான்கூவரைச் சேர்ந்த கெவின் ஹாம். படிச்சது டாக்டருக்கு! 2007-ல் 'பிசினஸ் 2.0' பத்திரிகை அவரைப் பற்றி எழுதினப்போ, அவர் கையில் சுமார் 3 லட்சம் பெயர்கள். அதைவிடப் பெரிய குசும்பு கேமரூன் நாட்டு விவகாரம். அந்த நாட்டின் முகவரி 'டாட் சிஎம்'. 'காம்' அடிக்கும்போது 'ஓ'வை விட்டுட்டா கேமரூனுக்குத்தான் போவீங்க. 2006-ல், பதிவே ஆகாத டாட் சிஎம் பெயர் எதை அடிச்சாலும் விளம்பரப் பக்கம் வர்ற மாதிரி ஏற்பாடு நடந்தது. அதன் பின்னால் இருந்தவரும் ஹாம்தான். விரல் தடுமாறினா ஒருத்தருக்கு வருமானம்!

சரி, உங்க கணக்குக்கு வருவோம். ஒரு டாட் காம் பெயரைப் புதுப்பிக்க வருஷத்துக்குச் சுமாரா ஆயிரம் ரூபாய்னு வெச்சுக்குங்க. முதல் வருஷ ஆஃபரைப் பார்த்து மயங்காதீங்க, ரெண்டாவது வருஷம்தான் நிஜ விலை. உங்க பெயருக்கு தினம் ரெண்டு பேர் வர்றாங்க. வருஷத்துக்கு 730. பத்துக்கு ஒருத்தர் கிளிக் பண்ணினா 73 கிளிக். ஒரு கிளிக்குக்கு உங்க பங்கு மூணு ரூபாய்னா, 219 ரூபாய். போட்ட ஆயிரத்தை எடுக்கவே தினம் ஏறக்குறைய ஒரு கிளிக் வேணும். அதுவும் ரோபோ புரோகிராம் கிடையாது, நிஜ மனுஷன் பண்ற கிளிக்!

இன்னொரு விஷயம். கூட்டம் வந்தா மட்டும் போதாது. ஒரு சினிமா நட்சத்திரத்தின் பெயருக்கு ஆயிரம் பேர் வரலாம். அங்கே ஏலம் கேட்க ஆள் இருக்காது. இன்ஷூரன்ஸ், கடன், வக்கீல் சம்பந்தமான பெயருக்குப் பத்து பேர் வந்தாலே மவுசு. ஆனா அந்த மாதிரிப் பெயரெல்லாம் நாம பள்ளிக்கூடத்தில் இருந்தப்பவே போயாச்சு.

ஆட்டம் எவ்வளவு மாறிடுச்சுன்னு பார்க்க ஒரே ஒரு கம்பெனி போதும். அமெரிக்காவின் மார்செக்ஸ், 2004-ல் பேரம் பேசி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்களைச் சுமார் 164 மில்லியன் டாலருக்கு வாங்கியது. பெயருக்குத் தோராயமா 1,600 டாலர். 2015-ல் அதே மார்செக்ஸ், சுமார் 2 லட்சம் பெயர்களை கோடாடிக்கு 28.1 மில்லியனுக்குக் கொடுத்தது. பெயருக்கு 140 டாலர்! (நடுவில் சில நல்ல பெயர்களைத் தனியா நல்ல விலைக்கு வித்துட்டாங்க, அதையும் சொல்லிடணும்.)

ஏன் இந்தச் சரிவு? 2008-ல் வந்த குரோம் பிரவுசர், முகவரிப் பெட்டியையே தேடும் பெட்டியா ஆக்கிடுச்சு. அப்புறம் மொபைலில் ஆப் வந்தாச்சு. இப்ப யார் பெயரை யூகிச்சு டைப் பண்றாங்க? அஞ்சு நாளைக்குள் திருப்பிக் கொடுத்தா முழுப் பணமும் வாபஸ்னு இருந்த சலுகையை வெச்சு, லட்சக்கணக்கில் பெயர்களை 'டேஸ்ட்' பார்த்த கூட்டத்துக்கும் 2009-க்குள் ஐகேன் அமைப்பு கடிவாளம் போட்டது. 2025-ல் கூகுள், விளம்பரதாரர்களைப் பார்க்கிங் பக்கங்களிலிருந்து தானாகவே விலக்கி வெச்சது. வேணும்னு கேட்டவங்களுக்கு மட்டும்தான் அப்போ அங்கே விளம்பரம் போனது. விளம்பரதாரர்கள் ரொம்ப நாளா முணுமுணுத்துக்கிட்டு இருந்த விஷயம்தான்.

"அப்போ பெரிய கம்பெனி பேரில் ஒரு எழுத்தை மாத்திப் பிடிச்சா?"ன்னு கேட்கிறீங்களா? வேண்டாம் பாஸ்! சென்னையின் சத்யம் இன்ஃபோவே, 'சிஃபி' என்ற தன் பெயருக்காக சிஃபிநெட் சொல்யூஷன்ஸ் மேல வழக்குப் போட்டு, 2004-ல் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் ஜெயிச்சது. டொமைன் பெயருக்கும் டிரேட்மார்க் மாதிரியே பாதுகாப்பு உண்டுன்னு கோர்ட் சொல்லிடுச்சு. அமெரிக்காவின் 1999 சட்டப்படி ஒரு பெயருக்கு 1 லட்சம் டாலர் வரை நஷ்டஈடு விதிக்கலாம். மூணு ரூபாய் கிளிக்குக்கு இந்த ரிஸ்க் தேவையா?

என் கதையையும் சொல்லிடறேன். கஸினோட சேர்ந்து ஆறு பெயர் வாங்கிப் பார்க் பண்ணினேன். ரெண்டு மாசம் பைசா வரலை. மூணாவது மாசம் கஸின் தன் ஹாஸ்டல் பசங்ககிட்ட "ஆளுக்கு நாலு கிளிக் போடுங்கடா"ன்னு சொல்லிட்டான். ஒரே இடத்திலிருந்து மடமடன்னு கிளிக். ஒரு வாரத்தில் அக்கவுன்ட் க்ளோஸ்! காசும் இல்லை, விளக்கமும் இல்லை. கேட்டு மூணு மெயில் போட்டேன், பதிலே வரலை. தப்பு எங்க மேலதான், ஆனாலும் கொஞ்ச நாள் எரிச்சலா இருந்தது.

உங்ககிட்ட ஏற்கெனவே ஒரு பெயர் சும்மா இருக்கா? விளம்பரத்தை நம்பாதீங்க. பக்கத்தின் மேலே 'இந்தப் பெயர் விற்பனைக்கு'ன்னு ஒரு வரி, கீழே நீங்க தினமும் பார்க்கிற ஒரு மெயில் ஐடி. என்னோட ஆறில் ஒண்ணு அப்படித்தான் போச்சு, நாலு வருஷம் கட்டின ரென்யூவல் காசுக்கு.