ஜமுக்காளம் போட்டால் வாஷிங் மெஷின் ஏன் குதிக்கிறது?

காரைக்கால் போன்ற கடலோர ஊர்களில் விரிப்புக்குள் மணல் தங்கும். துவைக்கும் முன் நன்றாக உதறுங்கள். மணல் நூலை அரித்துவிடும்.

மெஷின் ஏன் குதிக்கிறது? தண்ணீர் குடித்த விரிப்பு டிரம்மில் ஒரே பக்கமாகச் சுருண்டுகொள்கிறது. சுழலும் வேகம் 2 மடங்கானால், அந்த ஒருபக்கப் பாரம் தரும் விசை 4 மடங்காகிறது. சிறிய விரிப்புகளை இரண்டிரண்டாக, எதிரெதிரே பரப்பிப் போடுங்கள். கனத்த பவானி ஜமுக்காளத்தைக் கையால் அலசுவதே நல்லது.

துவைத்தபின் ஏன் விறைக்கிறது? கடின நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்புடன் சேர்ந்து, கரையாத பிசுக்காக நூலில் படிகின்றன. டிடர்ஜென்ட் அப்படிப் படியாது. அதைக் குறைவாகப் போட்டு, கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீர் விடுங்கள்; விரிப்பு மெத்தென்று நெடுநாள் உழைக்கும்.